விழுவது மேலே, தவறு கீழே



ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது உயரமான பொருள்கள்தாம். செம்பனை எண்ணெய்த் தாங்கிகள், புகைபோக்கிகள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், கப்பல் பட்டறையின் இரும்புக் கட்டமைப்புகள், வரிசை வரிசையாகத் தொழிற்சாலைக் கூரைகள். 1977-ஆம் ஆண்டில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2020-இல் மாநகராகவும் ஆகிவிட்டது. இந்தத் தாங்கிகளையும் கூரைகளையும் கட்டுவதற்கு யாரோ ஒருவர் ஏறினார். சாயம் பூசவும், துரு சுரண்டவும், ஒழுக்கை அடைக்கவும் இன்றும் யாரோ ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். ஏறியவர் மாலையில் தம் கால்களாலேயே இறங்கி வீட்டுக்குப் போகவேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுக் காற்று பரவி, பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அது நியாயமே. ஆனால் வேலையிடத்தில் உயரத்திலிருந்து விழுந்து சாகிறவர்கள் அப்படி ஒரே நாளில், ஒரே இடத்தில் சாவதில்லை. இன்று ஓர் ஊரில் ஒருவர், அடுத்த வாரம் வேறோர் ஊரில் ஒருவர். நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. "கால் இடறி விழுந்து தொழிலாளி மரணம்" என்று தலைப்பு. அதோடு முடிந்தது.

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். "கால் இடறி." அதாவது, பிழை அந்தக் காலுடையது, அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொன்னது நம் முன்னோர்தாம். ஆனைக்கே சறுக்கும் என்றால், காலை எட்டு மணி முதல் வெயிலில் நிற்கிற மனிதனுக்குச் சறுக்காதா? சறுக்கும். எனவே கேட்கவேண்டிய கேள்வி, ஏன் சறுக்கினார் என்பதன்று. சறுக்கியவர் தரைவரை வந்து சேரும்படி ஏன் விடப்பட்டார் என்பதுதான். விழுவது மேலே நடக்கிறது. அதற்கான தவறு பெரும்பாலும் கீழே, அவர் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

பத்தடி உயரமும் ஒரு விநாடியும்

உயரம் என்றவுடன் இருபது மாடிக் கட்டடம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பத்தடி உயரத்தை யாரும் உயரமாகவே மதிப்பதில்லை. ஒரு சாதாரண வீட்டின் உட்கூரை அவ்வளவுதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி, அதாவது 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட எடுக்கும் நேரம் முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம். தரையில் மோதும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 10 மீட்டர் உயரமென்றால் ஒன்றரை விநாடிகூட ஆகாது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். சிமெந்துத் தரையில் தலை அந்த வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முக்கால் விநாடியில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? "ஐயோ" என்று சொல்லி முடிக்கக்கூட அது போதாது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு மட்டுமே. அதனால்தான் 1970-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திர விதிமுறைகளே பத்தடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் எவரையும் வேலை செய்யச் சொல்லக்கூடாது என்று கூறின. அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட விதி அது. அண்டை நாடான சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலையைத் தொடங்கும் முன் எழுத்துமூல அனுமதி பெறவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்கின்றன. நீரிணைக்கு அக்கரையில் பத்தடி உயரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இக்கரையில் ஏணியைச் சாய்த்து "ஏறுப்பா" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பாசிர் கூடாங்கில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு எண்ணெய் ஏற்றும் டாங்கி லோரி. அதன் முதுகில் ஏறி மூடியைத் திறக்கும் ஓட்டுநர் தம்மைக் கட்டுமானத் தொழிலாளியாக நினைப்பதில்லை. உயரத்தில் வேலை செய்வதாகவும் நினைப்பதில்லை. ஆனால் அவர் நிற்பது எண்ணெய் படிந்த, வளைந்த இரும்பின் மேல். தரை பத்தடிக்கும் கீழே. கைப்பிடித் தடுப்புள்ள நடைமேடை ஒன்று ஏற்றுமிடத்தில் இருந்தால் அவர் பிழைப்பார். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் அதிர்ஷ்டத்தை நம்பி ஏறுகிறார்.

எது முதலில், எது கடைசியில்?

உயரத்து வேலைக்குப் பாதுகாப்பு என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் தலைக்கவசத்தையும் ஹார்னஸ் எனப்படும் உடல் வாரையும் காட்டுவார்கள். அவை தேவைதான். ஆனால் அவை வரிசையில் கடைசியில் நிற்பவை. பாதுகாப்புத் துறையினர் உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அதை ஒவ்வொரு குத்தகையாளரும் மனப்பாடம் செய்யவேண்டும்.

முதற்கேள்வி: மேலே ஏறாமலேயே இந்த வேலையைச் செய்ய முடியுமா? இரும்புச் சட்டங்களைத் தரையிலேயே பூட்டி, சாயம் பூசி, பிறகு பாரந்தூக்கியால் தூக்கி வைக்கலாம். நீளக் கோலில் உருளையை மாட்டிச் சாயம் அடிக்கலாம். கூரையைப் பார்வையிட மட்டும்தான் ஏறவேண்டும் என்றால், இன்று டிரோன் இருக்கிறது. ஏறாத மனிதன் விழுவதில்லை.

இரண்டாவது: ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், விழவே முடியாதபடி செய்ய முடியுமா? நல்ல சாரம், நான்கு பக்கமும் கைப்பிடித் தடுப்பு, ஓரப் பலகை, ஸ்கைலிஃப்ட் போன்ற மேடை வண்டி ஆகியவை இந்த இரண்டாம் படியைச் சேர்ந்தவை. இவற்றின் சிறப்பு என்ன? தொழிலாளி மறந்தாலும், களைத்தாலும், புதிதாக வந்தவராக இருந்தாலும், தடுப்பு அங்கேயே இருக்கும். அது அவருடைய நினைவாற்றலை நம்பி நிற்பதில்லை.

மூன்றாவது: விழுந்தாலும் தரையைத் தொடாமல் தாங்க முடியுமா? வலையும் ஹார்னஸும் இங்கேதான் வருகின்றன. "கவனமாக வேலை செய்யுங்கள்" என்ற அறிவிப்புப் பலகை வரிசையின் ஆகக் கடைசியில் வரும். ஆனால் பல வேலையிடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பலகை மாட்டப்படுகிறது. ஏனென்றால் ஆகமலிவானது அதுதான்.

வலையைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் 1930-களில் கட்டப்பட்டது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது அக்காலக் கட்டுமானத் தொழிலில் சாதாரணமாகப் பேசப்பட்ட கணக்கு. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அதை ஏற்காமல், பாலத்தின் அடியில் பாதுகாப்பு வலை கட்ட வைத்தார். அந்த வலை 19 பேரைத் தாங்கியது. பிழைத்த அவர்கள் "நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள் சங்கம்" என்று தங்களுக்குப் பெயரே வைத்துக்கொண்டார்கள். கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். 1937 பிப்ரவரி 17-இல் தொழிலாளர்கள் நின்றிருந்த மேடையே பெயர்ந்து விழுந்தது. அந்தப் பாரத்தில் வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். வலை மனிதர்களைத் தாங்கும். சரிந்து வரும் மேடையைத் தாங்காது. ஒரே ஒரு பாதுகாப்பை மட்டும் நம்பக்கூடாது என்பது அதன் பாடம்.

கொக்கியை எங்கே மாட்டுவது?

இனி ஹார்னஸைப் பற்றி. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய வார் ஆபத்தானது. விழும்போது முழு அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். இது பலருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது இதற்கு அடுத்த இரண்டு விஷயங்கள்.

ஒன்று, கொக்கியை மாட்டும் இடம். ஹார்னஸ் அணிந்த தொழிலாளி தகரக் கூரையின் நடுவில் நிற்கிறார். சுற்றிலும் தகரம்தான். அவர் கொக்கியை எதில் மாட்டுவார்? சிலர் தண்ணீர்க் குழாயில் மாட்டுகிறார்கள். சிலர் மின்கம்பிக் குழாயில் மாட்டுகிறார்கள். பலர் தங்கள் வாரிலேயே திருப்பி மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அவர் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவர் இரண்டு கிலோ எடையைச் சுமக்கிறார், அவ்வளவுதான். ஒரு மனிதன் விழும்போது எழும் இழுவிசை அவனுடைய எடையைப் போல் பல மடங்கு இருக்கும். அதைத் தாங்கக்கூடிய பிடிமானத்தை முன்கூட்டியே அமைப்பது முதலாளியின் வேலை. மேலே போனபின் தேடுவது தொழிலாளியின் வேலையன்று. இடம் மாறும்போதும் ஒரு கொக்கி எப்போதும் மாட்டியே இருக்கும்படி, இரட்டைக் கொக்கிக் கயிறு வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றவேண்டும்.

இரண்டு, கீழே இருக்கவேண்டிய இடைவெளி. இந்தக் கணக்கைப் பலர் கேட்டதே இல்லை. இணைப்புக் கயிற்றின் நீளம் 1.8 மீட்டர். அதிர்ச்சியை உறிஞ்சும் பகுதி விரிவதால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர். தரையில் படாமலிருக்கக் கூடுதல் இடைவெளி ஒரு மீட்டர். எல்லாம் கூட்டினால் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. கொக்கியைக் காலடியில் மாட்டிக்கொண்டு நான்கு மீட்டர் உயர மேடையில் நிற்கிறவர் விழுந்தால், கயிறு அவரை முழுதாக நிறுத்தும் முன்பே தரை வந்துவிடும். ஹார்னஸ் புதியது, கயிறு தரமானது, கொக்கியும் மாட்டியிருந்தது. ஆனாலும் ஆள் இல்லை. அதே கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டியிருந்தால் பிழைத்திருப்பார். ஒவ்வொரு தயாரிப்பிலும் அளவு சற்று மாறும். அதற்கான குறிப்பு பொருளுடனேயே வரும். அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விழுந்தவரைக் கயிறு தாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தரத்தில் தொங்குகிறார். தொடை வார்கள் இறுக்க, கால்களில் இரத்தம் தேங்க, அசைவற்றுத் தொங்குகிறவர் சில நிமிடங்களிலேயே மயங்கக்கூடும், உயிரும் போகக்கூடும். 999-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. அவரை யார் இறக்குவது, எந்த ஏணியால், எந்த மேடை வண்டியால் என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

சாரமும் பள்ளமும் தகரமும்

சாரம் என்பது ஏறுவதற்கு வசதியான குழாய் அடுக்கு அன்று. அதுவும் ஒரு கட்டடம்தான். அதற்கு அடித்தளம் வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் செங்கல்லை வைத்து அதன்மேல் குழாயை நிறுத்தக்கூடாது. இரும்புத் தட்டும் அகலப் பலகையும் வேண்டும். கட்டடத்தோடு அதைப் பிணைக்கும் கட்டுகள் வேண்டும். சுவர் பூசுகிறவர் வழியில் இடைஞ்சல் என்று இரண்டு கட்டுகளைக் கழற்றுவார். மறுநாள் சாயம் பூசுகிறவர் இன்னும் இரண்டைக் கழற்றுவார். மூன்றாம் நாள் மாலை மழையோடு காற்று வந்தால் சாரம் சாய்கிறது. ஜொகூரில் ஆண்டிறுதிப் பருவமழைக் காலத்தில் இதை இருமடங்கு கவனிக்கவேண்டும். தகுதி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறையாவது சாரத்தைச் சோதிக்க வேண்டும். பலத்த மழை, காற்றுக்குப் பிறகும் சோதிக்க வேண்டும். பச்சை அட்டை தொங்கும் சாரத்தில் மட்டுமே ஏறவேண்டும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கட்டுமானத்திலிருந்த அனல்மின் நிலையத்தில் 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் அசாம் மாநிலத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். காலூன்றிய அமைப்பே சரியும்போது, தனிமனிதனின் கவனம் என்ன செய்யும்? அந்த ஒன்பது பேரும் எவ்வளவு எச்சரிக்கையாக வேலை செய்தார்கள் என்பது அங்கே கணக்கில் வரவே இல்லை.

தரையில் விடப்படும் திறப்புகள் மற்றோர் எமன். மாடித் தளத்தில் குழாய் இறக்க ஒரு சதுரம் திறந்திருக்கும். அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டிருப்பார்கள். ஆணியும் இல்லை, எழுத்தும் இல்லை. பலகை தேவைப்பட்ட இன்னொரு தொழிலாளி அதை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னே வைப்பார். பலகை மறைப்பதால் காலடி தெரியாது. திறப்பை மூடினால் போதாது. மூடியை அறைந்து, "கீழே பள்ளம்" என்று தெளிவாக எழுதவும் வேண்டும்.

பழைய தொழிற்சாலைக் கூரைகளில் வெளிச்சத்துக்காக இடையிடையே பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருப்பார்கள். வெயிலிலும் தூசியிலும் அது நிறம் மங்கித் தகரத்தைப் போலவே ஆகிவிடும். ஒழுகுகிற இடத்தைத் தேடிப் போகிறவர் அதில் கால் வைத்தால், கால் மட்டுமன்றி ஆளே உள்ளே போய்விடுவார். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையும் அப்படித்தான். நடைபலகை போடாமல் அவற்றில் எவரும் ஏறக்கூடாது.

"செகெஜாப் சாஹாஜா"

பெரிய வேலைக்குச் சாரம் கட்டுகிறார்கள், திட்டம் போடுகிறார்கள். ஆபத்து சின்ன வேலையில் பதுங்கியிருக்கிறது. இரண்டு ஆணி அடிக்கவேண்டும். ஒரு விளக்கு மாற்றவேண்டும். "செகெஜாப் சாஹாஜா", கொஞ்ச நேரம்தான் என்கிறார் மேற்பார்வையாளர். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் ஏணி சறுக்குவதற்கு ஐந்து நிமிடமும் தேவையில்லை. ஏணி வைத்தே ஆகவேண்டும் என்றால், நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அதன் அடியைத் தள்ளி வையுங்கள். மேலே ஏறி இறங்கும் இடத்தைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்கட்டும். தலைப்பைக் கட்டுங்கள். ஏணி ஏறுவதற்குத்தான், நின்று வேலை செய்வதற்கன்று.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், மியன்மார்க்காரர், இந்தோனேசியர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் எல்லாரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். காலையில் மலாயில் ஐந்து நிமிட விளக்கம் நடக்கிறது. இறுதியில் "பாஹாம்?" என்று கேட்டால், எல்லாத் தலைகளும் ஆடுகின்றன. புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தத் தலையாட்டலில் இருக்கிறது. புரிந்ததா என்று கேட்பதைவிட, "எங்கே, கொக்கியை மாட்டிக் காட்டு" என்று கேட்பதே சரி. கை சொல்லும் பதிலில் ஐயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. முதலாளி தம் கடமையில் தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இரண்டாண்டுவரை சிறையும் உண்டு. ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது கட்டாயம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நிறுவனத்தின் இயக்குநர்களும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

தொழிலாளர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டிய பிரிவு ஒன்று அதில் புதிதாகச் சேர்ந்துள்ளது. அது பிரிவு 26ஏ. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. "பிடிமானம் இல்லை, நான் ஏறமாட்டேன்" என்று சொல்வது திமிர் அன்று. சட்டம் தந்த உரிமை. நாட்கூலிக்காரர் அந்த வார்த்தையைச் சொல்வது எளிதன்று என்பதும் உண்மை. மறுநாள் அவருக்கு வேலை இல்லாமல் போகலாம் என்ற அச்சம் சட்டப் புத்தகத்தால் மட்டும் தீராது. ஆகவே ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவரும் சேர்ந்து சொல்லவேண்டும். பத்துப் பேர் ஏற மறுத்தால் கைப்பிடித் தடுப்பு வந்து சேரும்.

சொக்சோ எனப்படும் பெர்கேசோ பாதுகாப்பும் முக்கியம். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலையிட விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். சொந்தமாகச் சாயம் பூசும், கூரை பழுது பார்க்கும், குளிர்சாதனம் பொருத்தும் நம் தம்பிகள் பலர் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. அவர்களுக்காகவே 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துவிட்டீர்களா என்று வீட்டிலுள்ள பெண்கள் கேட்கவேண்டும். காப்புறுதி விழுவதைத் தடுக்காது. ஆனால் விழுந்தவரின் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதைத் தடுக்கலாம்.

விலைச்சீட்டில் இல்லாத வரி

மேலே விழுந்ததற்கான தவறு கீழே நடக்கிறது என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. அது எங்கே நடக்கிறது? பல சமயம் ஒரு மேசையில். விலைச்சீட்டு எழுதப்படும் இடத்தில். பெரிய குத்தகையாளர் துணைக் குத்தகையாளருக்குக் கொடுக்கிறார்; அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார்; அவர் நான்கு ஆட்களோடு வரும் ஒருவருக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு படியிலும் விலை குறைகிறது. குறைகிற விலையில் முதலில் காணாமல் போவது சாரத்துக்கான வரி. சிமெந்தைக் குறைத்தால் சுவர் காட்டிக்கொடுக்கும். சாரத்தைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது, ஒருவர் விழும்வரை. கட்டுமான வேலைகளின் வடிவமைப்பு, நிர்வாகம் பற்றி 2024-இல் வெளியான புதிய விதிமுறைகள் இதைத்தான் குறிவைக்கின்றன. வேலையைக் கொடுக்கும் உரிமையாளர், வடிவமைப்பாளர், தலைமைக் குத்தகையாளர் என்று மேலிருந்தே பொறுப்பு தொடங்கவேண்டும் என்பது அவற்றின் சாரம்.

இந்த இடத்தில்தான் வேலை கொடுக்கும் நம் மக்களுக்கும் ஒரு பங்கு வருகிறது. வீட்டுக் கூரை ஒழுகினால் அழைப்பது யாரை? ஆகக் குறைந்த விலை சொன்னவரை. கோயில் திருப்பணி நடக்கிறது. கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட, சுதைச் சிற்பம் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வருகிறார்கள். குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாள் நெருங்க நெருங்க இரவிலும் விளக்கு வைத்து வேலை நடக்கிறது. அந்தக் கோபுரச் சாரத்தை யார் சோதித்தார்கள் என்று எத்தனை ஆலய நிர்வாகக் குழுக்கள் கேட்டிருக்கின்றன? கலசத்துக்கும் யாகசாலைக்கும் நன்கொடை திரட்டும்போது, சாரத்துக்கும் வலைக்கும் கைப்பிடித் தடுப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். கோபுரத்தில் ஏறுகிறவன் பத்திரமாக இறங்குவதும் அந்தத் திருப்பணியில் ஒரு பகுதிதான்.

ஆகவே அன்பர்களே, மூன்று பேருக்கு மூன்று கேள்விகள். வேலை கொடுப்பவர், விலைச்சீட்டைக் கையில் வாங்கியவுடன் கேட்கட்டும்: "இதில் சாரத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" மேற்பார்வையாளர், ஆளை ஏற்றும் முன் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: "இவர் சறுக்கினால் எது தாங்கும்?" தொழிலாளி, முதற்படியில் கால் வைக்கும் முன் கேட்கட்டும்: "கொக்கியை எங்கே மாட்டுவது?" மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால் ஏறுங்கள். ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், தரையிலேயே நில்லுங்கள். வேலை ஒரு நாள் தாமதமாகும், ஆகட்டும். தாமதமான வேலையைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். போன உயிரை யாராலும் மீட்டுத்தர முடியாது.